அதுக்கு முன்னாடி இன்னா பண்ண?

புது வீடியோ விளையாட்டு ஒன்று சோதித்துப் பார்க்கக் கைக்கு வந்தால் எல்லோரும் முன்னால்தான் ஓடுவோம். நாணயம் மின்னுகிற பக்கம், எதிரி நிற்கிற பக்கம், அம்புக்குறி கூப்பிடுகிற பக்கம். அக்கா மட்டும் ஓடமாட்டாள். இறக்கிவிட்ட இடத்திலேயே திரும்பி, பக்கத்தில் இருக்கும் சுவரில் தோளை இடித்துக்கொண்டு, அந்தச் சுவரோரமாகவே நடக்க ஆரம்பிப்பாள். கோட்டை என்றால் கோட்டையைச் சுற்றி. தீவு என்றால் கரையைச் சுற்றி. ஒரு முழுநாள் நடப்பாள். மறுநாள் அதே சுவரை எதிர்த்திசையில் நடப்பாள்.

"சொவுருன்னு எவனோ வரைஞ்சி வெச்சிட்டா அது சொவுரா? இடிச்சிப் பாத்தாதான் தெரியும்."

எங்கோ ஓரிடத்தில், இரண்டு கல் சேர்கிற மூலையில், மயிரிழை அளவு விட்டுப்போயிருக்கும். அவளுடைய வீரன் அதற்குள் நழுவி உலகத்துக்கு அடியில் போய்விடுவான். மேலே மரங்களும் மாளிகைகளும் தலைகீழாகத் தொங்க, அவன் சாம்பல் நிற வெறுமையில் விழுந்துகொண்டே இருப்பான். அக்கா நாற்காலியில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு, துப்பட்டா நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாள். "மாட்னியா மாமு" என்பாள். அந்த விளையாட்டைச் செய்தவன் எந்த நாட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது அவனுக்குத்தான்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளையாட்டின் கடைசியில் பெயர்ப்பட்டியல் ஓடுமே, அதில் பாட்டுப் போட்டவர், படம் வரைந்தவர், அவர்களுக்குக் காபி கொடுத்தவர் வரைக்கும் இருப்பார்கள். அதில் பிழை தேடுகிற எங்கள் பெயர் இருக்காது. பக்கத்து இருக்கை எட்வின் ஒருநாள் அதைச் சொல்லிப் புலம்பியபோது அக்கா தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"பேரு வாணாம்டா. ஸ்டெப்ப ஒய்ங்கா எய்து. அத்த எவனாலும் அய்க்க முடியாது."

ஸ்டெப் என்றால், நாங்கள் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு பிழைக்கும் எழுதுகிற படிவரிசை. ஒன்று, இதைத் திற. இரண்டு, இதை அழுத்து. மூன்று, இப்படி உடையும். உலகத்தில் யார் அந்த வரிசையில் செய்தாலும் அதே பிழை வர வேண்டும். வந்தால் நீ சொன்னது உண்மை. வராவிட்டால் உன் பிழைக்கு நேராக 'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கண்டால் அக்காவுக்கு முகம் கறுத்துவிடும்.

எங்கள் அலுவலகம் ராயபுரத்தில், படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கிற கடைக்கு மேலே மூன்றாவது மாடி. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் கீழே வால் நீட்டி நிற்கும். ஒன்று நகர்ந்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். நான் வியாசர்பாடி. பொறியியல் முடித்த சூட்டில் இந்த வேலைக்கு வந்து விழுந்தேன். தெருவில் சொன்னபோது, "வெளையாட்றதுக்கு சம்பளமா? எங்க பையனையும் சேத்து வுடேன், நாள் பூரா அத்தான் பண்றான்" என்றார்கள். ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூடுவது விளையாட்டு இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? திறக்கும்போது போன் வந்தால்? சார்ஜரைப் பிடுங்கினால்? மொழியை அரபிக்கு மாற்றினால்? போனைத் தலைகீழாகப் பிடித்தால்? மூன்று வாரம் ஒரே கட்டம், ஒரே பாட்டு. அந்தப் பாட்டு பஸ்ஸில் கேட்கும், குளிக்கும்போது கேட்கும், அம்மா பேசும்போது பின்னணியில் கேட்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். அடுத்த பட்டியலில் பெயர் இருந்தால் அடுத்த மூன்று மாதம்.

எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. நான் வேகம். எல்லோரும் ஒன்று முடிப்பதற்குள் நான் மூன்று முடிப்பேன். அக்கா எனக்கு வைத்த பெயரே ஸ்பீடு.

"இன்னா ஸ்பீடு, அதுக்குள்ள முட்ச்சிட்டியா? ஆட்டமே உன்னப் பாத்து பயந்துகினு ஓடிட்ச்சா?"

"நீ அந்தச் சொவத்த உட்டு வா மொதல்ல. மூணு நாளா அதையே ஒரசிக்கினு கீற" என்பேன் நானும்.

அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. திரை அசையாமல் உறைந்து, "ஆட்டம் தொங்கிட்ச்சிக்கா" என்று யாராவது கத்தினால், எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"அதுக்கு முன்னாடி இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"ஒண்ணும் பண்ணாம எதுவும் ஆவாது நைனா. மூச்சாச்சும் வுட்ருப்ப. சொல்லு."

இந்தக் கேள்வியை அவள் விளையாட்டோடு நிறுத்தியதில்லை. அலுவலகக் குடிநீர் இயந்திரம் எப்போதாவது ஷாக் அடிக்கும். கட்டட உரிமையாளரிடம் சொன்னால் அவர் வந்து குழாயைத் தொட்டுப் பார்த்து, "எனக்கு அடிக்கலையே" என்று போய்விடுவார். அக்கா ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே சுற்றினாள். யார் என்ன செருப்பு, யார் கையில் என்ன டம்ளர், அப்போது வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தாளில் எழுதி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள்: 'ஒன்று, சாப்பாடு சூடு பண்ணும் அடுப்பைப் போடவும். இரண்டு, செருப்பைக் கழற்றவும். மூன்று, எவர்சில்வர் டம்ளரோடு குழாயைத் திறக்கவும். நான்கு, அம்மா என்று கத்தவும்.' அடுத்த முறை வந்த உரிமையாளர் சிரித்துக்கொண்டே மூன்று படியையும் செய்தார். நான்காவது படி தானாக நடந்தது. அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் வந்தார்.

எப்போதும் ஜெயிப்பாள் என்றில்லை. நான் சேர்ந்த பிறகு எங்களுக்கு வந்த பெரிய விளையாட்டு, ஒரு தீவில் ஊர் கட்டுவது. போனில் விளையாடுவது. வெறும் மணலில் இறங்கி, குடிசை போட்டு, படகு கட்டி, மீன் பிடித்து, சந்தை வைத்து, மெல்ல மெல்ல ஒரு பட்டணமே எழுப்பலாம். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவளிடம் படகைக் கொடுத்தால்? முதல் நாளே பிழை எழுதினாள்: 'படகில் கொடி ஒரு பக்கம் பறக்கிறது, பாய் எதிர்ப்பக்கம் உப்பியிருக்கிறது. ஒரே படகுக்கு இரண்டு காற்றா?' வடிவமைத்தபடிதான் இருக்கிறது என்று விளையாட்டைச் செய்தவனிடமிருந்து பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு எட்வினைப் பார்த்தாள்.

"அந்தப் படகுல இவன ஏத்தி வுடணும்டா. அப்பால தெரியும் எது வடிவம்னு."

ஆனாலும் அந்தத் தீவை அவளுக்குப் பிடித்திருந்தது. கரையைச் சுற்றி நடந்து முடித்த பிறகு, சோதனைக்கென்று கட்டிய ஊரையே ஒழுங்காகக் கட்டினாள். வரிசையாக வீடு, வீட்டுக்கு முன்னால் வலை காயப்போட இடம். வேறு யாருமே வலை காயப்போட இடம் விடவில்லை.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த ஊர் காணாமல் போனது.

நான் அவளுக்கு எதிரில்தான் இருந்தேன். "அய்ய" என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் போனில் வெறும் மணல். ஒரு கிளி பறந்து வந்து, 'வரவேற்கிறோம்! உங்கள் பெயர் என்ன?' என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்று வாரத்து ஊர் ஒரு நொடியில் அழிந்திருந்தது. அழிக்கவா என்று அது கேட்கக்கூட இல்லை.

"அதுக்கு முன்னாடி இன்னாக்கா பண்ண?" என்றேன் நான், கிண்டலாக.

முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை.

போன் சூடாகிறது என்று திரையைப் பதிவு செய்வதை அன்று நிறுத்தி வைத்திருந்தாள். சாட்சி இல்லை. இருந்தாலும் எழுதினாள். ஆடுபவரின் ஊர் முழுதும் அழிகிறது, மிகக் கடுமையான பிழை. படிகள் என்ற இடத்தில் 'தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும். எங்கள் குழுவை நடத்துகிற லீடு சார் அதைச் சரிபார்க்கச் சொல்லி எனக்குத் தள்ளிவிட்டார். நான் திறந்தேன், ஊர் கட்டினேன், 'தொடரவும்' பொத்தானை அழுத்தினேன், வெளியே வந்தேன், மறுபடி திறந்தேன். பத்து தடவை. அரை மணி நேரம். அழியவில்லை. 'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதி மூடினேன். அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். சத்தியமாக அது ஒரு தப்பு என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ மூடினியா?"

"பத்து வாட்டி பாத்தேன்க்கா. வரல."

"உனுக்கு வரலன்னா, எனக்கு வந்தது வரலன்னு ஆய்டுமா?"

"ஸ்டெப் இல்லியே. நீதானே சொல்வ, ஸ்டெப் இல்லாம..."

"ஸ்டெப்பு இல்லன்னா 'தெர்ல'ன்னு எய்து. 'இல்ல'ன்னு எய்தாத. தெர்லயும் இல்லயும் ஒண்ணாடி?"

அவள் என்னிடம் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஒரு வாரம் அவள் அந்தப் புதன்கிழமையைத் திரும்பக் கட்டப் பார்த்தாள். அதே போன், அதே நாற்காலி, அதே மணி. அன்றைக்குப் போட்டிருந்த பச்சைச் சுடிதாரையே போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிட்ட அதே நெத்திலிக் குழம்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். கீழே கண்டெய்னர் லாரி நகர்கிற நேரமாகப் பார்த்து அழுத்தினாள். வரவில்லை.

"யக்கா, அத்த பேய் அட்ச்சிகினு போய்ட்ச்சி. மந்திரிச்சி கயிறு கட்டலாம்" என்றான் எட்வின்.

"கட்டுடா. பேய்க்கும் ஒரு ஸ்டெப்பு இர்க்கும்."

பிரச்சினை என்னவென்றால், அடுத்த வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியாக வேண்டும். கடுமையான பிழை என்றால் அதை எழுதியவரே 'சரி, மூடலாம்' என்று ஒப்புதல் தர வேண்டும். நான் மூடியது போதாது. அது முடிந்த திங்கட்கிழமையே ஒப்பந்தப் பட்டியலும் வரவேண்டியிருந்தது. லீடு சார் கெட்டவர் இல்லை, களைத்தவர். அவள் மேசையில் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு டிக் போட்டுடுங்கம்மா. கேம் செஞ்ச வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க உங்க பேரைத்தான் கேட்டுட்டே இருக்காங்க. இந்த நேரத்துல அது நல்லதில்ல."

இந்த நேரம் என்று அவர் சொன்னது அவருக்கும் தெரிந்துதான். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இரண்டு மாதம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். அக்காவின் கணவர் அடுத்தவர் படகில் போகிறவர். படகு போகாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. அந்த இரண்டு மாதமும் வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்தான். பட்டியலில் பெயர் போனால் உலை நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவளைச் சம்மதிக்கவைத்துவிடலாம் என்று ஷேர் ஆட்டோவில் முழுக்கப் பேச்சுத் தயார் செய்துகொண்டு போனேன். கடலைப் பார்த்த சந்தில் இரண்டு அறை வீடு. வாசலில் அவள் அம்மா அலுமினியச் சட்டியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். தடைக்காலத்திலும் சின்ன பைபர் படகுகள் போகும். அதில் வந்ததை வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவர்.

"நீதான் ஸ்பீடா? குந்து கண்ணு. உன் பேரச் சொல்லித்தான் ஒரு வாரமா திட்டிகினு கீது" என்றார் அன்பாக.

உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அப்போது அந்த வாடை வந்தது. அழுகின முட்டையும் தீய்ந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி, தொண்டைக்குள் போய் உட்காருகிற வாடை. மணலிப் பக்கமிருந்து எப்போதாவது அடிக்கும் என்பார்கள். எந்த ஆலை என்று யாரும் சொன்னதில்லை, எந்த ஆலையும் ஒப்புக்கொண்டதில்லை. சந்தில் கதவுகள் சாத்தின. அக்கா மட்டும் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து அது எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தாள். மணியைப் பார்த்தாள். எழுதினாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக நேரம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் இருந்தது, எந்த வீட்டுக் குழந்தைக்கு இருமல். எங்கள் அலுவலகத்தில் எழுதுகிற அதே கட்டங்கள். ஆனால் முதல் பக்கத்து மை மங்கியிருந்தது. அவள் இந்த வேலைக்கு வருவதற்குப் பல வருடம் முன்னால் எழுதியது.

அவள் அம்மாதான் சொன்னார். "எத்தினி வாட்டி மனு குட்த்தோம் தெர்யுமா? ஒரு ஆபீசர் வருவாரு. மறுநாளு வருவாரு. மூக்க இப்டி தூக்கி, 'ஒண்ணும் வாடை இல்லியேம்மா'ன்ட்டுப் போவாரு. ஒவ்வொரு வாட்டியும் அதே கதை. அப்பால இவ ரெண்டு வருசம் எய்தினா. எந்தக் காத்துக்கு, எந்த மணிக்கு வருதுன்னு கணக்குப் போட்டு, அந்த நாளாப் பாத்து அவர வரவெச்சா. வந்தாரு. வாடை இல்ல. எய்ந்துக்கப் பாத்தாரு. இவ, 'டீ சொல்லிக்கீறேன், குடிச்சிட்டுப் போ சார்'ன்ட்டா. பாதி டீல வந்துட்ச்சி."

"கண்ல தண்ணி அந்தாளுக்கு" என்றாள் அக்கா. "இன்னொரு டீ வாங்கிக் குட்த்தேன்."

"அப்புறம் நின்னுச்சாக்கா?"

"வாடை எங்க நின்ச்சி? இப்பக்கூட மோந்தியே. ஆனா 'இல்ல'ன்னு சொன்ன வாயி நின்ட்ச்சி. எய்திக் கையெய்த்துப் போட்டுட்டுதான் போனாரு."

ஆட்டோவில் தயார் செய்த பேச்சை அப்படியே விழுங்கிவிட்டேன். பத்து தடவை பார்த்து, மூக்கைத் தூக்கி, இல்லையேம்மா என்று போன அந்த ஆபீசர் நான்தான்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. மீன் சட்டியிலிருந்து கையை எடுத்து, ஒரு உதறு உதறி, பச்சைப் பொத்தானைத் தள்ளினார். அழைப்பு எடுபடவில்லை. கேமரா திறந்தது. இன்னொரு தடவை தொட்டார். அழைப்பு அறுந்து, வேறு யாருக்கோ போனது.

"இந்த சனியன் ஈரக் கை பட்டாப் போதும், பேய் புட்ச்ச மாதிரி ஆடுது."

அக்கா நோட்டை மூடினாள்.

"யம்மா, இப்ப இன்னா பண்ண?"

"போன எட்த்தேன்டி."

"அதுக்கு முன்னாடி?"

"உனுக்கு வேற வேலயே இல்லியா? மீனு கய்வினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணாடியில் சங்கரா மீன் சிவப்பாகத் தெரிந்தது. "ஸ்பீடு. அன்னிக்கு வாஷ்பேசின்ல துண்டு இல்ல. தொவைக்க எட்த்துனு போய்ட்டாங்கோ. நான் கய்வின கையோட வந்து குந்தினேன்." ஒரு வாரமாக அவள் சாப்பாடு வரை திரும்பச் செய்திருந்தாள். ஆனால் துண்டு திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கையைத் துடைத்துக்கொண்டு பிழையைத் தேடியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை லீடு சாரின் மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்தாள். நானும் எட்வினும் பின்னால் நின்றோம். கணினித் திரையில் வீடியோ அழைப்பில் அந்தக் கம்பெனியின் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அக்கா விரலை நனைத்தாள், 'தொடரவும்' பொத்தானைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி நனைத்தாள். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை, விரலிலிருந்து ஒரு துளி வழிந்து கீழே இருந்த 'புதிதாகத் தொடங்கு' பொத்தானையும் தொட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தியதாக நினைத்து விளையாட்டு குழம்பியது. ஊர் போய், வெறும் மணல். கிளி பறந்து வந்தது.

எட்வின் விசிலே அடித்துவிட்டான்.

திரையில் இருந்தவர் சிரித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். லீடு சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஈரக் கையோட யாரும்மா வெளையாடுவாங்கன்னு கேக்கறார். 'அரிதாக நிகழும்'னு போட்டுட்டு மூடிடலாமாம். நீங்க கண்டுபிடிச்சதைப் பாராட்டறாராம்."

"யாரா?" அக்கா கையைத் துடைக்கவில்லை. மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. "எங்கம்மா. எங்க நாத்தனாரு. ஐஸ் ஒடைக்கிற பசங்கோ. பாத்திரம் கய்வுறவ, துணி தொவைக்கிறவ, டீக்கடையில கிளாஸ் அலசுறவன். சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் அத்த எட்த்து ஆடுவாங்கோ. எங்க பக்கம் காஞ்ச கை எவன் கிட்ட கீது சார்? அவருக்குத்தான் அது அரிது. எனக்கு தெனமும்."

"அம்மா, எதையோ ஒண்ணு எழுதித்தான் ஆகணும்."

"எய்துறேன்." குனிந்து, 'எவ்வளவு அடிக்கடி நிகழும்' என்ற கட்டத்தில் 'தினமும்' என்று அடித்தாள். ஒப்புதல் கட்டத்தைத் தொடவில்லை. எழுந்துகொண்டாள்.

விளையாட்டு குறித்தபடி வெளியானது. அவளுக்கு மேலே இருந்த யாரோ ஒப்புதல் போட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை பட்டியல் வந்தபோது லீடு சார் அவள் முகத்தைப் பார்க்காமல், "உங்க பேர் இல்லம்மா" என்றார்.

"பேரு எனக்கு எப்பவுமே வாணாம் சார். ஸ்டெப்பு உள்ள கீதுல்ல? போதும்."

சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, வாஷ்பேசின் துண்டில் நிதானமாகக் கையைத் துடைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள். நான் அன்று செய்தது ஒன்றே ஒன்று. மூடிக் கிடந்த அந்தப் பிழையை என் பெயரில் திறந்தேன். 'முன்பு சரியாகப் பார்க்காமல் மூடியது என் தவறு' என்று கீழே எழுதினேன். அவர்கள் மூடினார்கள். மறுநாள் திறந்தேன். மூடினார்கள். திறந்தேன். எட்வினும் சேர்ந்துகொண்டான், நான் லீவு போட்ட நாளில் அவன் திறந்தான். என்னை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இல்லை. என் வேகம் போய்விட்டது. ஒரு நாளைக்கு முன்பு முடித்ததில் பாதிகூட முடிப்பதில்லை. புது விளையாட்டு வந்தால் முதலில் திரும்பிச் சுவரைப் பார்க்கிறேன்.

பல மாதம் கழித்து அந்தத் தீவு விளையாட்டுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. சரிசெய்யப்பட்டவை என்ற பட்டியலில், கடைசிக்கு முந்திய வரியில் ஒன்று: 'ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்கள் தொடப்படும்போது ஆட்டம் அழிவது சரிசெய்யப்பட்டது.' நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

அக்கா இப்போது காலடிப்பேட்டையில், மார்க்கெட்டுக்குத் திரும்புகிற சந்தில், போன் ரிப்பேர் கடை ஒன்றில் இருக்கிறாள். தடைக்காலம் முடியும்வரை அந்த வீடு எப்படி ஓடியது என்று நான் கேட்டேன்; "ஓட்ச்சி" என்றாள். நான் போனபோது ஒரு மீனவர் செத்துப்போன போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சொம்மா சட்டைப் பையில வெச்சிருந்தேன்மா, ஆஃப் ஆய்ட்ச்சி."

"அதுக்கு முன்னாடி இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"சட்டையோட கடல்ல எறங்கினியா இல்லியா?"

அவர் தலையைச் சொறிந்தார். அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா ஸ்பீடு, மூச்சு வாங்குது?"

புதுப்பிப்பு வரியைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அவன் சொல்றான். நான் பாக்கலியே. யாரு போன்ல கீது?"

என் போனில் இருந்தது. மூன்று மாதமாக நானே கட்டிய ஊர். வரிசையாக வீடு, வீட்டுக்கு முன்னால் வலை காயப்போட இடம். கொடுத்தேன். கடைப்பையனிடமிருந்து டீக் கிளாஸை வாங்கி, அலசி, தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். விரலை நனைத்தாள். தொட்டாள். ஊர் இருந்தது. நனைத்தாள், தொட்டாள். இருந்தது. பத்து தடவை. இருந்தது.

"பத்து ஆய்ட்ச்சிக்கா. மூடலாம்ல?"

"பத்து உன் கணக்கு."

இந்தத் தடவை அவள் ஒரு விரலை நனைக்கவில்லை. கிளாஸுக்குள் கையையே விட்டாள். அம்மா மீன் சட்டியிலிருந்து எடுப்பாரே, அதே மாதிரி ஒரு உதறு உதறிவிட்டுக் கட்டைவிரலால் தொட்டாள். திரையெல்லாம் துளி.

என் ஊர் போனது. வெறும் மணல். கிளி பறந்து வந்து, 'வரவேற்கிறோம்! உங்கள் பெயர் என்ன?' என்றது.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். மூன்று மாதம்!

அக்கா ஸ்டூலில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். "மாட்னியா மாமு" என்றாள். இப்போதுதான் சிரித்தாள்.

"ரெண்டு பொத்தான்னு எய்திக்கீறான். ரெண்டுக்குத்தான் பாத்துக்கீறான். கை முய்சா நனைஞ்சா மூணு, நாலு படும்னு அவனுக்கு யார் சொல்றது? தொற ஸ்பீடு. எய்து."

கடைக் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றி, ஈரத் திரையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அலுவலகப் பக்கத்தைத் திறந்தேன். புதுப் பிழை. முதல் கட்டம், கண்டுபிடித்தவர் பெயர். என் விரல் அங்கே நின்றது. அவளைப் பார்த்தேன்.

"பேரு வாணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? ஸ்டெப்புக்கு வா."

வந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.

ஒன்று: கையை நன்றாக நனைத்துக்கொள்ளவும்.